காற்று எந்தப் பக்கம்

முள் அறுபதில் இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் நகராது, தலையைத் திருப்பிவிட்டுப் பார்த்தால் அறுபத்திரண்டு. கார் சிலிண்டரில் அழுத்தம் இருநூறு வரை போக வேண்டும். பதினொரு மணிக்கு ஆட்கள் வருகிறார்கள், இப்போது பத்தாக ஐந்து நிமிடம். கம்ப்ரசர் கத்துகிறது, சுவருக்கு அந்தப் பக்கம் வாடகை ஜெனரேட்டர் அதைவிடக் கத்துகிறது, நடுவில் ஸ்டூல் போட்டு நான் உட்கார்ந்திருக்கிறேன், என் மண்டைக்குள்ளும் ஒன்று கத்துகிறது, அதற்கு ஸ்விட்ச் கிடையாது. மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் இரண்டு வரை கரண்ட் இருக்காது என்று நேற்றுப் பேப்பரில் கட்டம் கட்டிப் போட்டிருந்தான். டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. காற்றில் ஓடும் காரைச் செய்த மனுஷருக்கு மட்டும் தெரியவில்லை. அழைப்பிதழ் அச்சடிக்கத் தெரிந்தது, பந்தல் போடத் தெரிந்தது, பந்தல் துணி என்ன பச்சை என்று மூன்று நாள் யோசிக்கத் தெரிந்தது. ஒன்பதே காலுக்குக் கரண்ட் போனதும், "தொம்மையண்ணே, ஒரு ஜெனரேட்டர் ஏற்பாடு பண்ணிருவோம், என்ன?" என்கிறார் தனசீலன் முதலாளி. பண்ணிருவோம். நேற்றே நிரப்பி வைத்திருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். நிரப்பினால் விடிவதற்குள் முப்பது இறங்கிவிடும், ஏதோ ஓர் இணைப்பில் கசிவு, மூன்று மாதமாகச் சோப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேடுகிறேன், அகப்படவில்லை. அதனால் எந்த ஓட்டத்துக்கும் அன்றன்று காலையில்தான் காற்று பிடிக்கிறோம். அறுபத்தெட்டு. ஜெனரேட்டர் வந்து இறங்கியபோதே பார்த்தேன், கல்யாண மண்டபங்களில் ஓடி ஓடித் தேய்ந்த மெஷின், என் கம்ப்ரசரின் பாரம் ஏறியதும் மூச்சுத் திணறி, கறுப்பாகக் கக்கியது. புகையில்லாத காரின் வயிற்றை நிரப்ப இப்படி ஒரு புகை மெஷின். சிரிப்பு வர வேண்டும். வரவில்லை.

ஆனால் கார் நல்ல கார். அதை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெள்ளையாக, சின்னதாக, நாலு பேர் உட்காரலாம், அடியில் மூன்று சிலிண்டர், அதில் அடைத்த காற்று விரிந்து பிஸ்டனைத் தள்ளும், வண்டி போகும், தள்ளி முடித்த காற்று பின்னால் குழாய் வழியாகச் சில்லென்று வெளியே வரும். அவ்வளவுதான். பெட்ரோல் கிடையாது, நெருப்பு கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த ஷெட்டில் முதல் தடவை அது பத்தடி ஓடியபோது நானும் முதலாளியும் கட்டிப்பிடித்துக்கொண்டோம், அவருக்குக் கண் கலங்கியது, எனக்கு இல்லை, நான் குனிந்து பின்குழாயில் முகத்தை வைத்தேன். ஏன் வைத்தேன் என்று அவர் கேட்கவில்லை. ஒரு இன்ஜின் விடும் மூச்சை மனுஷன் மூச்சாக இழுக்கலாம் என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரியாது. அவர் அதை வித்தையாக்கிவிட்டார். யார் வந்தாலும் பின்பக்கம் கூட்டிப்போய், "மூக்க வைங்க சார், தைரியமா வைங்க, உங்க வீட்டு ஏசியவிட சுத்தம்" என்பார். வந்தவர்கள் வரிசையில் குனிந்து கார் குழாயை முகர்வார்கள், பெரிய பெரிய ஆட்கள், டை கட்டினவர்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதுவும் போதவில்லை. போன மாதம் அந்தக் குளிர்ந்த காற்றைப் பாதி திருப்பி காருக்குள்ளேயே விட்டார். ஏசி இல்லாத ஏசி. கண்ணாடியை ஏற்றிவிட்டால் ஐந்து நிமிடத்தில் உள்ளே மார்கழி. இன்றைக்கு வருகிற அதிகாரிக்கு அதைத்தான் காட்டப் போகிறார். அதிகாரி மட்டும் இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேர், 'புகையில்லா ஊர்' என்று படம் வரைந்து பரிசு வாங்கியவர்கள், முதல் சவாரி அவர்களுக்கு. ஹார்பர் கேட் வரைக்கும் போய்த் திரும்ப, இருபத்தைந்து நிமிடம், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. எண்பத்தொன்று.

அப்போதுதான் துணி திரும்பியது. இந்த வேலைக்கு வந்த முதல் நாள் கம்ப்ரசர் அறைக்கு வெளியே மதில்மேல் இருந்த கம்பியில் என் பெண்டாட்டி கித்தேரியின் பழைய சேலையிலிருந்து ஒரு முழம் கிழித்துக் கட்டினேன், கரும்பச்சை, இப்போது வெளுத்துவிட்டது. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, காக்கா விரட்ட என்று நினைத்திருப்பார்கள். பங்குனியில் காலை முழுக்கக் கரைக்காற்று, மேற்கிலிருந்து கடலைப் பார்த்து வீசும், பத்து பத்தரைக்கு ஒரு நிமிடம் செத்துப்போகும், பிறகு கடலிலிருந்து கொண்டல் கிளம்பும். அந்தச் செத்த நிமிடம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். துணி தொங்கியது, ஒரு தடவை தயங்கியது, பிறகு மேற்கே திரும்பிப் படபடத்தது. ஜெனரேட்டர் கிழக்கு மதிலை ஒட்டி நிற்கிறது. கம்ப்ரசர் காற்று உறிஞ்சும் குழாய் அதிலிருந்து எட்டடி மேற்கே. இதுவரை கடலுக்குப் போன கறுப்பு, இப்போது வளைந்து, தாழ்ந்து, நேராகக் குழாயின் வாய்க்கு வருகிறது. காற்று எந்தப் பக்கம் மச்சான். இதோ ஆரம்பித்துவிட்டான். கித்தேரியின் தம்பி இன்னாசி, வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, ஈயக் கட்டையை இடுப்பில் கட்டி, காற்றுக்குழாயை வாயில் கவ்வுவதற்கு முன்னால் தினமும் கேட்பான், "காத்து எந்தப் பக்கம் மச்சான்?" சங்கு குளிக்கப் போகிறவன் கேட்க வேண்டியது அது ஒன்றுதான். மேலே வள்ளத்தில் சின்ன இன்ஜின் ஓடும், அது கம்ப்ரசரை ஓட்டும், கம்ப்ரசர் கீழே எட்டுப் பாகம் ஆழத்தில் இருக்கிறவனுக்கு மூச்சு அனுப்பும், அந்த இன்ஜினின் புகை கம்ப்ரசர் வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் மேலே இருக்கிறவனின் வேலை. மேலே இருந்தவன் நான். காற்று மாறினால் உறிஞ்சும் குழாயை எடுத்து மறுபக்கம் கட்ட வேண்டும், ஒரு நிமிட வேலை. ஒரு நிமிடம்கூட இல்லை.

தொண்ணூற்று நாலில் எழுந்து போய்ச் சொன்னேன். சொல்லாமல் இருக்கவில்லை, அதை மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. முதலாளி பந்தலில் நாற்காலிக்குத் துணி போடுகிறவனைத் திட்டிக்கொண்டிருந்தார். "முதலாளி, கொண்டல் எறங்கிட்டு. புகை பூரா கம்ப்ரசருக்குள்ள போகுது. நிறுத்திருவோம்." அவர் என்னைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்தார். "நிறுத்தினா பதினொரு மணிக்கு என்னத்த ஓட்ட? தள்ளிக்கிட்டா போக?" நாற்காலிக்காரன் சிரித்தான். "உறிஞ்சுற குழாய கடல் பக்கம் கொண்டு போகணும், இருபது மீட்டர் ஓஸ் வேணும்னு மாசிலயே கேட்டேன்." "வாங்குவோம்ணே, அடுத்த வாரம் வாங்குவோம். கரி ஃபில்டர் இருக்குல்லா? அது எதுக்கு இருக்கு, அழகுக்கா?" சொல்லிவிட்டு என்கூட வந்தார், அதையும் சொல்ல வேண்டும், வந்தார். ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் சின்னக் குழாயைத் திறந்து மூக்கைக் காட்டினார். இழுத்தார். "ஒரு வாசனையும் இல்ல. நீங்களே பாருங்க." நானும் பார்த்தேன். இல்லை. இருக்காது. வாசனையைத்தானே கரி பிடிக்கும். அன்றைக்கு வள்ளத்திலும் ஃபில்டர் இருந்தது, தகர டப்பாவில் கரியும் பஞ்சும், இன்னாசியே செய்தது. பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டர், சின்ன வயசுப் பிள்ளை, தூக்கமில்லாத கண்ணோடு என்னை உட்காரவைத்துச் சொன்னாள்: நாத்தம் அடிக்கிற புகை நல்லதுங்க, ஆளை எழுப்பிவிட்டுடும், இதுல நாத்தம் இல்லாத ஒண்ணு இருக்கு, அது ரத்தத்துல ஏறி உக்காந்துக்கும், ஆக்சிஜன உள்ள விடாது, அந்த ஆளுக்குத் தெரியவே தெரியாது, தூக்கம் வர்ற மாதிரி இருக்கும். இதை அப்படியே முதலாளியிடம் சொன்னேன். "அண்ணே, அது கடலுக்கு அடியில. இது ரோட்டுல" என்றார். பிறகு என் தோளில் கையை வைத்து, "காத்த நீங்க எனக்குச் சொல்லித் தாறீங்களா?" என்று சிரித்தார். அந்தக் கை இன்னும் தோளில் இருக்கிறது. நூற்றுப் பத்து. காற்றைப் பற்றி வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த கை. அதற்குக் காற்று என்றால் கணக்கு, இத்தனை அழுத்தம், இத்தனை கிலோமீட்டர். அது எங்கேயிருந்து வருகிறது என்று அந்தக் கணக்கில் ஒரு வரி கிடையாது.

சொன்னேன் சரி, சொன்னபிறகு திரும்பி வந்து ஏன் இதே ஸ்டூலில் உட்கார்ந்தேன். இதைத்தான் கேட்க வேண்டும். முதலாளியைத் திட்டுவது எளிது, பத்து நிமிடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன், நன்றாக வருகிறது. கம்ப்ரசரின் சிவப்புப் பொத்தான் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. நூற்றுப் பதினெட்டு. எட்டுகிற தூரத்தில்தான் அன்றைக்கும் எல்லாம் இருந்தது. காலையில் கித்தேரி, "நல்ல சட்டையப் போட்டுட்டுப் போங்க, இல்லன்னா கம்ப்ரசர்காரன் தானேன்னு போட்டோவுல ஓரமா நிக்கச் சொல்லுவானுவ" என்று நீலச் சட்டையை எடுத்து நீட்டினாள். நான் வாங்கவில்லை. அவளுக்குக் கோபம். "ஒரு சட்டைக்கு இப்படி மொறைக்காதீங்க" என்றாள். ஒரு சட்டைக்கு. அவள் தெரிந்து சொல்லவில்லை, அவளுக்கு எதுவும் தெரியாது. இன்னாசி வாசல் படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தான், அது ஒன்று அவனால் முடியும், ஆனால் எதற்கு உரிக்கிறோம் என்பது பாதியில் மறந்துவிடும், உரித்த பூண்டையும் தோலையும் சேர்த்து ஒரே கிண்ணத்தில் போடுவான், கித்தேரி பிறகு உட்கார்ந்து பிரிப்பாள், பத்தொன்பது வருஷமாகப் பிரிக்கிறாள். நாற்பத்து மூன்று வயசு அவனுக்கு. நான் செருப்பை மாட்டும்போது நிமிர்ந்து பார்த்தான். வேறு எல்லாம் போய்விட்டது, அது மட்டும் போகவில்லை. "காத்து எந்தப் பக்கம் மச்சான்?" நான் எப்போதும்போல, "நல்லாருக்குடே" என்றேன். அவன் திருப்தியாகக் குனிந்துகொண்டான்.

ஒரு சட்டை. கோயில் திருநாளுக்கு நான் வாங்கி வைத்திருந்த கோடிச் சட்டையைக் கேட்காமல் எடுத்து உடுத்திக்கொண்டு, ஊரெல்லாம் சுற்றி, காலரில் ஐஸ்கிரீமோடு கொண்டுவந்து கொடியில் போட்டிருந்தான். இருபத்து நாலு வயசுப் பையன், வேறென்ன செய்வான். மறுநாள் கடலில் நான் அவனோடு பேசவில்லை. அவன் கேலி செய்தான், "மச்சான் மூஞ்சியப் பாரேன், சொறா மீன் மாதிரி", சோற்றுச் சட்டியைத் திறந்து எனக்குப் பெரிய மீன் துண்டை வைத்தான், நான் பேசவில்லை. முதல் தடவை முக்குளித்து, சங்கு கொண்டுவந்து கொட்டினான், கொஞ்சம் உட்கார்ந்தான், மறுபடி ஈயத்தைக் கட்டினான். கேட்டான். காற்று எந்தப் பக்கம் மச்சான். நான் அவனுக்கு முதுகைக் காட்டி, இன்ஜினைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டு, "கரைக்காத்துதாம்ல, போ" என்றேன். வள்ளத்துக் கம்பில் காற்றுக்காகக் கட்டியிருந்த துணியைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவன் பக்கம் திரும்ப வேண்டும், திரும்பினால் அவன் சிரிப்பான், அவன் சிரித்தால் எனக்குக் கோபம் போய்விடும். கோபத்தைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்தேன். கொண்டல் அப்போதே இறங்கியிருந்தது. நீரோட்டம் வள்ளத்தைத் திரும்பவிடாமல் பிடித்து வைத்திருந்தது. துணி என் தலைக்கு மேலேயே மேற்கே பார்த்துப் படபடத்துக்கொண்டிருந்தது, அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது, அதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை, சத்தம் விழுந்தது. ஊரில், அவன் இறங்கினபிறகு காற்று மாறிவிட்டது, எனக்கு எப்படித் தெரியும் என்றேன். பங்குச் சாமியாரிடமும் அதையே சொன்னேன். கித்தேரி என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. "உங்க மேல என்ன தப்பு" என்பாள். இழுத்து மேலே போட்டபோது அவன் உதடு சிவந்திருந்தது, நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்குச் சிவந்திருப்பதுபோல, அதைப் பார்த்து ஒன்றும் இல்லை, தூங்குகிறான் என்று நினைத்தேன். நூற்று நாற்பத்தாறு. நூற்று நாற்பத்தாறா? எங்கே போயிருந்தேன் இவ்வளவு நேரம். வாய் உலர்ந்திருக்கிறது. தலை இரண்டு பக்கமும் இறுகுகிறது, இந்த அறைக்குள்ளும் அது வந்திருக்கிறது, எழுந்து கதவைத் திறந்து வைக்கிறேன், திறந்தாலும் கொண்டல் அதைத்தான் கொண்டுவருகிறது.

கணக்குப் போடத் தெரியாதவன் நானும் ஒரு கணக்குப் போடுகிறேன். எண்பது வரை நல்ல காற்று. அதற்கு மேல் நூற்றிருபது புகை. எல்லாமே புகை இல்லை, பாதிதான் கலந்திருக்கும், பாதிகூட இல்லை, வெளியில் அடிக்கிற காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும், ஹார்பர் கேட் வரை போனால் ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம், கொஞ்சம் தலைவலி, பிள்ளைகள் வாந்தி எடுக்கும், வெயிலில் வந்தது என்பார்கள். ஒருவேளை ஒன்றும் ஆகாது. இந்த 'ஒருவேளை' எனக்கு நன்றாகப் பழக்கமான ஆள். வள்ளத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். நூற்று எழுபது. வேன் வந்துவிட்டது, பிள்ளைகள் சத்தம், டீச்சர் சத்தம், "லைன்ல நில்லுங்க, ஜெஸ்வின், கார்ல கை வைக்காத!" எட்டிப் பார்க்கிறேன், இரண்டு பெண், இரண்டு பையன், ஒன்பது பத்து வயசு. எல்லாம் கையில் தாங்கள் வரைந்த படத்தைச் சுருட்டி வைத்திருக்கிறதுகள். ஒருத்தி ஏற்கெனவே பின்பக்கம் போய்க் குந்தி, மூக்கைக் குழாயில் வைத்து, "ஒண்ணுமே வரல மிஸ்" என்று ஏமாந்து சொல்கிறாள். "இன்னும் நிரப்பல, அந்தத் தாத்தா நிரப்பிக்கிட்டு இருக்காரு" என்று டீச்சர் என்னைக் காட்டுகிறாள். பிள்ளை என்னைப் பார்த்துக் கையாட்டுகிறாள். நானும் ஆட்டுகிறேன். ஆட்டின கை நேராகச் சிவப்புப் பொத்தானுக்குப் போகிறது. நூற்றுத் தொண்ணூற்றொன்று. கம்ப்ரசர் ஒரு முனகலோடு நிற்கிறது. இணைப்பைக் கழற்றுகிறேன். காரின் வால்வு சூடாக இருக்கிறது, அடைபட்ட காற்று எப்போதும் சூடு, என் உள்ளங்கையும் சூடு, இரண்டில் எது எது என்று தெரியவில்லை.

சத்தம் நின்றதும் முதலாளி ஓடி வருகிறார். கோட்டு போட்டிருக்கிறார். "ஆச்சா அண்ணே? இருநூறு ஆச்சா? அதிகாரி ரவுண்டானா தாண்டிட்டாராம்."

"ஆச்சு. ஏறி உக்காருங்க முதலாளி."

"நானா? மொத ரவுண்டு பிள்ளைங்கல்லா."

"ஓட்ட வேண்டாம். சும்மா உக்காருங்க. இன்ஜின ஓடவிட்டு, கண்ணாடிய ஏத்திக்கோங்க. இருபத்தஞ்சு நிமிசம். நான் கடியாரம் பாத்துக்கிடுதேன்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், மதில்மேல் துணியைப் பார்த்தார், இவ்வளவு நாளில் முதல் தடவை பார்த்தார். ஜெனரேட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, கறுப்பு வளைந்து இறங்கி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே போனது. "என்னண்ணே, இந்த நேரத்துல வெளையாட்டு" என்று சொல்லிக்கொண்டே கதவுக் கைப்பிடியில் கையை வைத்தார். வைத்த கை அங்கேயே இருந்தது. ஐந்து எண்ணினேன், பத்து எண்ணினேன். கதவு திறக்கவில்லை. தெரிந்திருக்கிறது. ஃபில்டரில் மூக்கை வைத்தபோதே தெரிந்திருக்கிறது, படித்தவர் அல்லவா, எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். இவ்வளவு நேரம் அவர் மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் வேறொன்றாகியது, ஏனென்றால் அந்த முதுகை எனக்குத் தெரியும், அப்படி ஒரு முதுகைத் திருப்பிக்கொண்டு ஒருத்தன் இன்ஜினைத் துடைத்தான். "பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு அந்தக் கடைசி மதிலுக்குப் போங்கம்மா, கடல் பக்கமா" என்று டீச்சரிடம் கத்தினேன். அவர்கள் போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன், பிறகு காருக்கு அடியில் குனிந்தேன். "அண்ணே, வால்வத் தொறந்தீங்கன்னா நாளைக்கு இங்க வராதீங்க" என்றார் முதலாளி, மெதுவாக, யாருக்கும் கேட்காமல். அடியில் கையை விட்டு வெளியேற்றும் வால்வைப் பிடித்து, இரண்டு சுற்று, மூன்று சுற்று, முழுக்கத் திருப்பினேன்.

அது கத்தியது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள், பிறகு வெள்ளையாக ஆவி எழுந்து கார் மறைந்ததும் வித்தை ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக் கை தட்டினார்கள். வால்வின்மேல் பனி பிடித்தது, என் விரல் ஒட்டிக்கொண்டது, எடுக்கவில்லை. முதலாளியின் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை, எனக்கு அது வசதியாக இருந்தது. வாசலில் அதிகாரியின் கார் வந்து நின்றது, கதவைத் திறந்து இறங்கி, பந்தலைப் பார்க்காமல் ஆவியைப் பார்த்து அப்படியே நின்றார். முள் நூற்றைம்பது, நூறு, எழுபது. இறங்கும்போது மட்டும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நகர்கிறது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கித்தேரி ஏன் சீக்கிரம் என்று கேட்பாள், அவளை உட்காரவைத்து முதலில் சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும், பிறகு துணியின் சத்தத்தைப் பற்றி. அவள் கையில் கிண்ணம் இருக்கும், அதைக் கீழே வைக்கச் சொல்ல வேண்டும். இன்னாசி படியிலிருந்து கேட்பான், காற்று எந்தப் பக்கம் என்று. தலையைத் தூக்கி மதில்மேல் துணியைப் பார்க்கிறேன், நன்றாக, கழுத்து வலிக்கும்வரை பார்க்கிறேன்.

கொண்டல்டே. இறங்காதே.